வாயில்லா ஜீவனும் ஐந்து அதிசாரங்களும்

அகிம்சை அணுவிரதத்திற்கு அதிசாரங்கள் ஐந்து என்பதைச் சிராவகர் அனைவரும் அறிவர். பிற உயிரைக் கட்டுதல், அடித்தல், உறுப்பை அறுத்தல், தாங்கவொண்ணாப் பாரத்தை ஏற்றுதல், உணவும் நீரும் மறுத்தல் என்பன அவை. என் தந்தையார் இவற்றை விரல்விட்டு எண்ணச் சொல்லி மனப்பாடம் செய்வித்தார். ஏரும் வண்டியும் எருதுகளும் இருந்த வீட்டில் அவற்றிற்குப் பொருள் இருந்தது. பின்னர் நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியேற்று, ஊர் ஊராக மாற்றலாகி, ஓய்வும் பெற்றேன். எருது இல்லாத வீட்டில் இவ்விதிகளுக்கு வேலையில்லை என்றே எண்ணியிருந்தேன். எழுபதைக் கடந்தபின் ஒரு நாய் வந்து அவ்வெண்ணத்தை மாற்றியது.

பெருந்தொற்றுக் காலத்தில், 2021ஆம் ஆண்டில், பள்ளிக்குச் செல்ல வழியின்றி வாடியிருந்த என் பேத்திக்காக என் மகன் லாப்ரடார் இனக் குட்டி ஒன்றை வாங்கி வந்தான். உயிரை விலை கொடுத்து வாங்குவதா என்று நான் தடுத்தேன். என் சொல் எடுபடவில்லை. பேத்தி அதற்கு 'ஹனி' என்று பெயரிட்டாள். என் வாயில் அது 'பொன்னி' ஆயிற்று. இப்போது இரு பெயருக்கும் திரும்பிப் பார்க்கிறது. (இலக்கணம் கற்பித்தவள் ஆதலால் 'அது' என்றே எழுதுகிறேன். வீட்டில் 'அவள்' என்றுதான் சொல்கிறோம்.) பள்ளி திறந்ததும் பேத்தி பள்ளிக்குச் சென்றாள். மகனும் மருமகளும் அலுவலகம் சென்றனர். வீட்டில் மிஞ்சியவர்கள் நானும் பொன்னியும்.

ஓராண்டு நிறையுமுன் பொன்னி பின்னங்கால்கள் இரண்டையும் சேர்த்து வைத்து முயலைப் போலத் தாவி ஓடத் தொடங்கியது. நாங்கள் சிரித்தோம். பேத்தி அதனைப் படம் பிடித்து உறவினர்க்கெல்லாம் அனுப்பினாள். பிறகு படுக்கையினின்று எழுவதற்கே தயங்கியது. வாசற்படி மூன்றினையும் ஏறாமல் கீழே நின்று என் முகத்தைப் பார்த்தது. கால்நடை மருத்துவர் மயக்க மருந்து கொடுத்து, மல்லாக்கப் படுக்கவைத்துக் கால்களை நீட்டி எக்ஸ்ரே எடுத்தார். அந்த முயல் ஓட்டமே நோயின் அறிகுறி என்று அன்றுதான் அறிந்தோம். அந்தப் படத்தைப் பேத்தி இன்றுவரை மீண்டும் பார்க்கவில்லை.

நோயின் பெயர் 'ஹிப் டிஸ்பிளேசியா'. பந்துக்கிண்ண மூட்டு என்று நானே பல ஆண்டுகள் கரும்பலகையில் வரைந்து காட்டிய மூட்டுதான். தொடை எலும்பின் பந்து போன்ற தலை இடுப்பெலும்பின் கிண்ணத்துள் செம்மையாகப் பொருந்த வேண்டும். இந்நோயில் மூட்டு தளர்ந்திருக்கும். கிண்ணம் ஆழமின்றி இருக்கும். பந்து நழுவி உராயும். நாளடைவில் மூட்டு தேய்ந்து வாதம் தோன்றும். நாய்களிடம் இது முதன்முதலாக 1935இல் அமெரிக்காவில் விவரிக்கப்பட்டது. ஜெர்மன் ஷெப்பர்டு, லாப்ரடார், ராட்வைலர் முதலிய பேருடல் இனங்களில் மிகுதி. மெலிந்த உடலுடைய வேட்டை நாயான கிரேஹவுண்டிடம் மிக அரிது.

நான் கேட்ட முதற் கேள்வி, "இது யார் செய்த பிழை, ஐயா?" என்பது. மருத்துவர் எழுபது வயதுக்காரியை வருத்த விரும்பாமல், "பிறவிலேயே வருவதம்மா" என்றார். அது பாதி உண்மை. நோய்க்கான கூறு பரம்பரையில் வருகிறது. ஒரு மரபணுவால் அன்று, பலவற்றின் கூட்டால். ஆனால் குட்டி பிறக்கும்போது மூட்டு பெரும்பாலும் சீராகவே இருக்கும். வளரும் மாதங்களில்தான் கெடுகிறது. மிகையான ஊட்டமும், விரைந்து ஏறும் எடையும், வேண்டாத கால்சியமும் அதனைப் பெருக்கும். வழுக்கும் தரையோ கால் பரப்பி விழச் செய்து நோவைக் கூட்டும். எங்கள் வீட்டில் நான்கும் இருந்தன. தரை முழுவதும் பளபளக்கும் டைல்ஸ். காலையில் நெய்ச்சோறு, மாலையில் பாலும் பிஸ்கட்டும். எலும்பு உறுதிப்படட்டும் என்று, ஒருவரையும் கேளாமல், கடையில் வாங்கிய கால்சிய டானிக்கை நாள்தோறும் ஊற்றியவள் நானே.

இம்சை யாது என்பதற்குத் தத்துவார்த்த சூத்திரம் கூறும் இலக்கணத்தில், உயிர்க்கு ஊறு செய்தல் என்பதற்கு முன்னே பிரமாதம், அதாவது விழிப்பின்மை, வைக்கப்பட்டுள்ளது. அதனைச் சினத்தோடும் பேராசையோடும் மட்டுமே பொருத்திப் படித்திருந்தேன். அன்பினாலும் விழிப்பின்மை வரும் என்று எனக்கு எவரும் சொன்னதில்லை. நானும் எந்த மாணவிக்கும் சொன்னதில்லை.

இனி அதிசாரங்களுக்கு வருகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்த தாளை வீட்டில் விரித்துப் படித்தபோது கை நடுங்கியது. சங்கிலி இன்றி வெளியே விடலாகாது; துள்ளவும் மாடி ஏறவும் விடலாகாது: இது கட்டுதல். உணவை மூன்றில் ஒரு பங்கு குறைக்க வேண்டும்: இது உணவு மறுத்தல். இனப்பெருக்கம் கூடாது, கருப்பை நீக்கம் நன்று. பின்னாளில் தொடை எலும்பின் தலையையே வெட்டி நீக்கவும் நேரலாம்: இது உறுப்பறுத்தல். அளவுக்கு மிஞ்சிய பாரமோ முன்பே ஏற்றப்பட்டிருந்தது. 27 கிலோ இருக்க வேண்டிய பொன்னி 36 கிலோ இருந்தது. ஒன்பது கிலோ மூட்டையை அதன் முதுகில் எவரேனும் வைத்திருந்தால் அவரோடு சண்டைக்குப் போயிருப்பேன். அடித்தல் ஒன்றே எஞ்சியது.

உணவைக் குறைத்ததுதான் யாவற்றிலும் கடினமாக இருந்தது. அதன் நன்மையில் ஐயமில்லை. 2002இல் அமெரிக்காவில் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில் 48 லாப்ரடார் நாய்களை இணை இணையாகப் பிரித்து, ஒன்றற்கு மற்றதைவிடக் கால் பங்கு குறைவாக வாழ்நாள் முழுதும் உணவளித்தனர். குறைவாக உண்டவை ஏறக்குறைய இரண்டாண்டு கூடுதலாக வாழ்ந்தன. இடுப்பு மூட்டுத் தேய்மானமும் அவற்றிற்குக் குறைவு. நம் ஆகமம் வயிறு நிறையுமுன் எழுவதைப் புறத்தவங்களுள் ஒன்றாக வைத்திருப்பதை எண்ணிக்கொண்டேன். ஆயினும் தவம் என்பது தானே ஏற்பது. தட்டின் முன் அமர்ந்து, வெறுமையான தட்டை நக்கி, என்னை நிமிர்ந்து பார்க்கும் உயிர் எந்த விரதத்தையும் ஏற்கவில்லை. அதற்குத் தெரிந்ததெல்லாம், நேற்றுவரை கொடுத்தவள் இன்று கொடுக்கவில்லை என்பதே.

பல நாள் எண்ணியபின் எனக்குத் தோன்றியது இது. அதிசாரம் என்று விலக்கப்பட்ட ஐந்தும் பிறர் உழைப்பையோ உடலையோ நம் நலத்திற்காகப் பயன்கொள்வதில் நிகழ்பவை. எருதைக் கட்டினால் பயன் உழவனுக்கு. பொன்னியைக் கட்டினால் பயன் பொன்னிக்கு. ஆனால் இவ்விளக்கம் ஆபத்தானது என்பதையும் ஓர் ஆசிரியை அறிவாள். பணியேற்ற தொடக்கத்தில், இளம்பிள்ளை வாதத்தால் கால் சூம்பிய சிறுவன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். விழுந்துவிடுவான் என்று அஞ்சி விளையாட்டு வேளையில் அவனைப் பிறர் பைகளுக்குக் காவலாக மரத்தடியில் உட்காரவைத்தேன். இரண்டு மாதம் கழித்து அவன் தாயார் வந்து, "விழுந்தாலும் பரவாயில்லை டீச்சர், அவனையும் ஓட விடுங்கள்" என்றார். அவன் நலத்திற்கென்று நான் செய்ததில் என் அச்சத்திற்கான ஆறுதலே மிகுதி. எனவே பொன்னியை நாள் முழுதும் கட்டவில்லை. மருத்துவரைக் கேட்டு, நாளைக்கு மூன்று முறை, பத்துப் பத்து நிமிடம் சமதரையில் மெல்ல நடக்கச் செய்கிறோம். கூடமெங்கும் சணல் சாக்கும் ரப்பர் விரிப்பும் பரப்பினோம். வீட்டின் அழகு போயிற்று. வாசற்படி மேல் மரப்பலகையால் சாய்தளம் அமைத்தோம். நோவு மிகுந்த நாளில் என் பழைய நூல் புடைவையை நான்காக மடித்து அதன் அடிவயிற்றுக்குக் கீழே கொடுத்துத் தூக்கிப் பிடித்தால் எழுந்து நடக்கிறது. சாய்தளத்தால் என் முழங்காலும் பயனடைந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

மருந்துகளில் ஒரு சிக்கல் நேர்ந்தது. மூட்டுக்கென்று விற்கப்படும் குளுக்கோசமைன் பெரும்பாலும் இறால், நண்டு ஓடுகளிலிருந்தும், காண்டிராய்ட்டின் விலங்குகளின் குருத்தெலும்பிலிருந்தும் எடுக்கப்படுகின்றன. மீன் எண்ணெயைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை. ஓர் உயிரின் மூட்டுக்குப் பல உயிரின் ஓடா என்று கேட்டேன். மருத்துவர் பொறுமையுடையவர். குளுக்கோசமைனின் பயன் ஐயத்திற்கிடமானது, எடை குறைவதே முதல் மருந்து என்றார். மீன் எண்ணெய்க்கு மாற்றாகப் பாசியிலிருந்து எடுத்த எண்ணெயைக் குறித்துக் கொடுத்தார். பாசியும் ஓரறிவுயிரே. இல்லறத்தார்க்கு அந்த அளவு விலக்கு இயலாது என்பதும் நம் நூல்கள் அறிந்ததே. வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்றும் எச்சரித்தார். அந்த ஒன்றில் மட்டும் எங்கள் அடுக்களை முன்பே தேர்ச்சி பெற்றிருந்தது. நோவுக்குரிய மாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் தாக்கக்கூடும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்தே தருகிறோம். மனிதருக்குரிய வலி மாத்திரைகளை நாய்க்குத் தரலாகாது என்பதை வாசகர்கள் நினைவில் கொள்வது நலம். அவை நாயைக் கொல்லவும் கூடும்.

உறவினர் கூறியவை இருவகை. ஒரு பெரியவர், "அசாதா வேதனீய கர்மம், அனுபவித்தே தீர வேண்டும், நீ ஏன் குறுக்கே நிற்கிறாய்?" என்றார். அவர் இரண்டு முழங்கால்களுக்கும் அறுவை செய்துகொண்டவர். அதை நான் அப்போது சொல்லவில்லை, வயதில் மூத்தவர். கர்மம் பயன் தருவதற்கு நிமித்தம் வேண்டும். கால்சிய டானிக்கும் டைல்ஸ் தரையும் நிமித்தமாகலாம் என்றால், சணல் சாக்கும் நிமித்தமாகலாம் அன்றோ?

மற்றொருவர், நல்ல மனத்துடன்தான், "ஊசி போட்டு உறங்க வைத்துவிடுங்கள். அதுவும் கருணைதானே?" என்றார். இக்கேள்வி புதிதன்று. 1928இல் சபர்மதி ஆசிரமத்தில், பிழைக்கும் வழியின்றித் துடித்த கன்று ஒன்றை மருத்துவரைக் கொண்டு நஞ்சூசி செலுத்தி முடித்தார் காந்தியடிகள். ஜைனர் உள்ளிட்ட பலர் கொதித்தெழுந்தனர். அவர் ஒளிக்கவில்லை, அவ்விதியைத் தமக்கே பொருத்தவும் ஒப்புவதாக எழுதினார். அந்த நேர்மையை வணங்குகிறேன். ஆனால் அதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகட்கு முன்பே அமிர்தசந்திர ஆச்சாரியார் தம் புருஷார்த்த சித்தியுபாயத்தில் இதே வாதத்தை எடுத்து மறுத்திருக்கிறார்: துன்புறும் உயிரைக் கொன்றால் துன்பம் விரைவில் ஒழியும் என்று கருதிக் கொல்லலாகாது என்பது அவர் முடிபு. சல்லேகனையை இதற்குச் சான்றாகக் காட்டுவாரும் உளர். அது தன் உயிர்மேல் தானே அறிந்து ஏற்கும் நோன்பு. ஒருவருக்காக மற்றொருவர் ஏற்க முடியாது.

இவ்விடத்தில் எனக்குத் துணையாக நின்றது சீவக சிந்தாமணி. அந்தணர்தம் உணவைத் தீண்டியதற்காக அடிபட்டு இறக்கும் நிலையில் கிடந்த நாயைக் கண்ட சீவகன் அதனருகே அமர்ந்து செவியில் ஐம்பத மந்திரத்தை ஓதுகிறான். நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாகப் பிறக்கிறது. காப்பியத்தை வகுப்பில் நடத்தியபோது தேவனாகப் பிறந்ததையே வியந்து சொன்னேன். இப்போது என் மனம் நிற்பது, அரசகுமரன் ஒருவன் ஒரு நாயருகே அமர்ந்தான் என்ற இடத்தில். அவனிடம் வாள் இருந்தது.

பொன்னி இறக்கும் நிலையில் இல்லை. உண்கிறது, உறங்குகிறது, பால்காரரைக் கண்டால் வாலாட்டுகிறது. ஊசி போடச் சொன்னவர் கண்ட துன்பத்தில் என் மகனின் செலவும் என் முதுகுவலியும் கலந்திருந்தன. இருந்தாலும் ஒன்றை மறைக்கலாகாது. மருந்து எதுவும் வேலை செய்யாத இரவு ஒன்று வந்தால், விரதம் என்ன சொல்லும் என்பதை அறிவேன். அருகில் அமர்ந்திருக்கும் வலிமை எனக்கு இருக்குமா என்பதை அறியேன்.

கருப்பை நீக்கத்தைச் செய்துவிட்டோம். 'ஒரு குட்டி எங்களுக்கு' என்று கேட்டிருந்த இரு குடும்பத்தாருக்கு மனத்தாங்கல். பொன்னியை விற்றவர் அதன் தாய் தந்தையரின் இடுப்பை ஒருபோதும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்ததில்லை என்று பின்னர் அறிந்தோம். மேலைநாட்டில் இத்தகைய படங்களைச் சோதித்துச் சான்று வழங்கும் அமைப்பு 1966 முதலே உண்டு. அவர் செய்ததையே நானும் செய்யவேண்டுமா? நோவு தொடராதிருக்க ஓர் உறுப்பை அறுத்தேன். காரணம் சரியென்றே தோன்றுகிறது. ஆனால் தந்தையார் எண்ணச் சொன்ன மூன்றாம் விரல் அதுதான். அதனை மடக்கும்போது இன்றும் மனம் முழுதும் அமைதியடைவதில்லை.

சென்ற மாதம் எடை பார்த்தபோது 29 கிலோ. இன்னும் இரண்டு கிலோ குறைய வேண்டும். சூரியன் மறையுமுன் நாங்கள் உணவு முடிக்கும்போதே பொன்னிக்கும் முடித்துவிடுகிறோம். அதற்குப்பின் எவரும் அதன் எதிரில் எதையும் மெல்வதில்லை என்பது வீட்டு ஏற்பாடு. பேத்தி மட்டும் தன் பாவாடை மடிப்பில் அரை பிஸ்கட்டை மறைத்துக் கொண்டு செல்வதை இருமுறை பார்த்துவிட்டேன். அடுத்த எடை பார்க்கும் நாளுக்கு அவளையே மருத்துவரிடம் அழைத்துப் போவதாக இருக்கிறேன்.