தானம் என்னும் பெயர்

பிள்ளையில்லாத் தம்பதியருக்கு விஞ்ஞானம் அளித்த வரப்பிரசாதங்களுள் ஒன்றாகிய கருமுட்டை தானம் தர்மத்துக்கு உகந்ததா என்னும் கேள்விக்கு மதங்கள் ஒரே குரலில் விடை தரவில்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1987இல், தாம்பத்திய உறவினின்றும் பிரித்து ஆய்வுக்கூடத்தில் கருவை உண்டாக்குவதையே நிராகரித்தது. 1980இல் கெய்ரோவின் இஸ்லாமியக் கல்விபீடமான அல்-அஸ்ஹர் வழங்கிய பத்வா என்னும் மார்க்கத் தீர்ப்பு, அம்முறை கணவன் மனைவிக்குள் நிகழுமட்டும் அதை அனுமதித்து, மூன்றாமவர் வித்து நுழைவதை விலக்கியது. தேவகியின் கர்ப்பம் ரோகிணிக்கு மாறிப் பலராமன் பிறந்த கதையைக் கேட்டு வளர்ந்த ஹிந்துக்களிடையே பெருந்தடை எதுவும் எழவில்லை. வம்சம் எவருடையது என்பதையே சுற்றிவரும் இவ்விசாரங்களில், முட்டையைக் கொடுப்பவளைப் பற்றிய பேச்சு அரிது.

அவளுக்கு நேர்வதோ அற்ப காரியமன்று. சுமார் பத்து நாள், தினந்தோறும் வயிற்றில் ஹார்மோன் ஊசி. மாதம் ஒன்றாய் முதிரவேண்டிய முட்டை பத்தும் பதினைந்துமாக முதிர, சினைப்பை வீங்கி அடிவயிறு கனக்கும். பிறகு மயக்கமருந்து கொடுத்து, நீண்ட ஊசியால் அவற்றை உறிஞ்சி எடுப்பார்கள். சிலருக்கு வயிற்றில் நீர் கோத்து உயிருக்கே ஆபத்தாவதும் உண்டு.

இதை அறிந்தே 2021ஆம் ஆண்டின் இந்தியச் சட்டம், 23 முதல் 35 வயதுக்குட்பட்டவள் ஆயுளில் ஒரே முறை, ஏழு முட்டைக்கு மேற்படாமல் கொடுக்கலாம் என வரையறுத்து, விற்பனையைத் தடுத்து, அவளுக்கு இன்ஷூரன்ஸும் விதித்தது. நல்ல நோக்கந்தான். ஆனால் மருத்துவரும் ஆய்வுக்கூடமும் மருந்துக் கம்பெனியும் ஊதியம் பெற, உடம்பைக் கொடுத்தவள் மட்டும் புண்ணியத்தோடு திருப்தியடைய வேண்டியிருக்கிறது. உள்ளவன் இல்லாதவனுக்குக் கொடுப்பதையே தானம் என்று சொல்லி வந்தோம்; வாடகைக்கும் வட்டிக்கும் வழியில்லாதவள் வசதியுள்ளோருக்குக் கொடுப்பதற்கும் இன்று அதே பெயர்.

விற்பனைக்குத் தானம் என்று பெயரிட்டதால் பேரம் ஒழிந்துவிடவில்லை. சட்டம் அமலுக்கு வந்த 2022ஆம் ஆண்டிலேயே, ஈரோட்டில் 16 வயதுச் சிறுமி ஒருத்தியின் ஆதார் அட்டையில் வயதைக் கூட்டிக் காட்டி, தரகர் மூலம் அவள் கருமுட்டையைப் பலமுறை விற்றது அம்பலமாகி, பெற்ற தாயே கைதானாள்.

அப்படியானால் சந்தையையே திறந்துவிடலாமே என்பாரும் உளர். விலை ஏற ஏற வறுமைதான் வரிசையில் நிற்கும் என்பதால் அதுவும் ஏற்கத்தக்கதன்று. பிரிட்டனில் விலை பேசுவதை விலக்கிவிட்டு, பட்ட சிரமத்துக்கும் இழந்த நாளுக்குமாக எல்லோருக்கும் ஒரே அளவான ஈட்டுத்தொகையைப் பகிரங்கமாகத் தருகிறார்கள். அத்தொகைக்காகவும் ஏழை வரக்கூடும் என்பது மெய்யே. ஆயினும் கள்ளப் பெயரில், தரகரின் பின்னால் அவள் வரவேண்டியதில்லை.