இறப்புக்குப் பின் வரும் ஈகை

2024 ஜூன் மாதத்தில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் அருந்தி 60க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இறந்தோர் குடும்பங்களுக்குத் தலா 10 லட்சம் ரூபாய் வழங்குவதாக அரசு அறிவித்தது. “குடித்துச் செத்தவன் குடும்பத்துக்கு இவ்வளவு பணமா?” என்று ஊரார் கேட்டனர், நம் பள்ளிவாசல் திண்ணைகளிலும் அக்கேள்வி எழுந்தது.

மது ஹராம் என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆயினும் ஒருவர் செய்த பாவத்தை இன்னொருவர் தலையில் ஏற்றாத மார்க்கம் நம்முடையது. எத்தீமின் பசிக்குச் சோறிடுபவர், அவன் தந்தையின் நடத்தையை விசாரித்துக்கொண்டிருப்பதில்லை. எனவே கொடுத்தது பிழையென்று சொல்ல மாட்டேன். கொடுத்த காலம்தான் நெஞ்சை உறுத்துகிறது.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே நிற்கிறது கல்வராயன் மலை. 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் கிடந்த அம்மலையின் பழங்குடி மக்கள் சாலைக்கும் மருத்துவத்துக்கும் பிழைப்புக்கும் நெடுங்காலம் ஏங்கினர். வெளியுலகமோ சாராயம் காய்ச்சும் மலையென்றே அதனை அறிந்திருந்தது. கருணாபுரத்துச் சாவுகளுக்குப் பின்னரே, 2024 ஜூலையில், சென்னை உயர்நீதிமன்றம் தானாக முன்வந்து அம்மக்களின் வாழ்க்கை நிலையை வழக்காக எடுத்துக்கொண்டது. கீழே பிணங்கள் விழுந்த பிறகுதான் மேலே இருந்தவர்கள் கண்ணில் பட்டார்கள்!

கொடுப்பவர் மனத்தை நம்பி நிற்கும் உதவி எத்துணை நிலையற்றது என்பதற்குச் சூடான் நாடு சான்று. 2023 ஏப்ரலில் மூண்ட போரில் பசித்தோருக்கு, அக்கம்பக்கத்தார் கூடி நடத்திய பொதுச் சமையற்கூடங்கள் உணவளித்தன. 2025 தொடக்கத்தில் அமெரிக்கா தன் அயல்நாட்டு உதவியை நிறுத்தியதும் அவற்றுள் பல மூடப்பட்டன. பசித்தவர் செய்த குற்றம் யாது? கொடுத்தவர் மனம் மாறிற்று, அவ்வளவே.

ஜகாத்தின் நுட்பம் இங்கேதான் விளங்குகிறது. நிஸாபை எட்டிய செல்வம் ஓராண்டு கையில் இருந்தால், நாற்பதில் ஒரு பங்கு கடமையாகிவிடுகிறது. செல்வர் மனம் இரங்குவதற்கோ, ஏழை இறப்பதற்கோ அது காத்திருப்பதில்லை. அப்பங்கு ஏழையின் உரிமை.

அரசைக் கேட்கும் கேள்வியை நம்மையும் கேட்டுக்கொள்வோம். மையித்து வீட்டுக்கு முந்திக்கொண்டு ஓடும் நம் மஹல்லாவின் பணம், அந்த மனிதர் மருந்துக்குத் தவித்த நாளில் எங்கே இருந்தது?