காண்டலும் காத்தலும்

ஓவியம் காண்பதற்கென்றே தீட்டப்படுகின்றது. அக்காட்சியே அதன் அழிவுக்கு ஏதுவாகுமாயின், காண்போரின் உரிமைக்கு எல்லை யாது? அழகியற் பிரச்சினையாகத் தோன்றும் இவ்வினா உண்மையில் அறவியலைச் சார்ந்தது. மனப்பதிவுவாத ஓவியரான ரெனுவார் 1883ஆம் ஆண்டில் தீட்டிய ‘மதாம் லெயோன் கிளாப்பிசோன்’ என்னும் தைலவண்ண உருவ ஓவியத்தைக் கொண்டு இதனை ஆராயலாம்.

சிக்காகோ கலை நிறுவகத்திலுள்ள இவ்வோவியத்தில், அமர்ந்திருக்கும் பெண்ணின் பின்னணி குளிர்ந்த நீலச்சாயல் கொண்டதாகவே தோன்றிற்று. சட்டகத்தைக் கழற்றியபோதுதான் உண்மை புலப்பட்டது. சட்டகம் மறைத்திருந்த ஒடுங்கிய விளிம்பிலே செந்நிறம் மங்காதிருந்தது. நுண்ணிய வண்ணத்துணிக்கையைச் சோதித்த ஆய்வாளர் அது கார்மைன் எனக் கண்டனர். கொச்சினீல் பூச்சியிலிருந்து பெறும் சாயத்தை உலோக உப்போடு சேர்த்து வீழ்படிவாக்கிச் செய்யப்படுவது அது. கனிய வண்ணங்கள் பலவற்றைப் போலன்றி, ஒளியை உறிஞ்சுந்தோறும் இதன் மூலக்கூறுகள் சிதைகின்றன. கருநிற அடித்தளத்தைத் துறந்து, வெளிர்நிறம் பூசிய கித்தானிலே தூய வண்ணங்களை அருகருகே இட்டு ஒளியைப் பிடிக்க முயன்றவர்கள் மனப்பதிவுவாதிகள். அவர்கள் நாடிய ஒளியே அவர்களது சிவப்பை உண்டது. (இத்தகைய வண்ணங்களின் நிலையின்மையை அக்கால ஓவியர் சிலர் அறிந்தேயிருந்தனர், வான்கோ 1888இல் தம் தம்பிக்கு இதுபற்றி எழுதியுமிருக்கிறார்.)

இன்று ஒவ்வொரு மணிநேரக் காட்சியும் வருங்காலத்தவரின் பங்கிலிருந்து எடுக்கப்படுவதென நாம் அறிவோம். அங்ஙனமாயின் இருளறையிற் பூட்டிவைக்கலாமே என்பர் சிலர். சட்டகத்தினுள் மறைந்திருந்த அச்சிவப்பு ஒரு நூற்றாண்டுக்கு மேலாக எவருக்கும் பயன்படவில்லை என்பதை இவர்கள் எண்ணுவதில்லை. குறைந்த ஒளியில், ஆண்டிற் சில மாதங்கள் மட்டும் காட்டுவதே தக்கதென்பது என் கருத்து. ஏனைய மாதங்களில் வருவோர் ஏமாற்றமடைவர். அவ்விழப்பு மெய்யானதே. ஆயினும் அவர்கள் மறுமுறை வந்து காணலாம். சிதைந்த சாயம் மறுமுறை வருவதில்லை.

மங்கிய பகுதியை மீளத் தீட்டிவிடலாம் என்னும் வாதமும் உண்டு. 2014இல் அந்நிறுவகம் அதைச் செய்யவில்லை. மூல வண்ணங்களைக் கணினி வழி மீட்டமைத்த பிரதியொன்றை ஓவியத்தோடு சேர்த்துக் காட்டியது. இதுவே நேர்மையான வழி. தூரிகைத் தடங்களின் தடிப்பு பிரதியில் இல்லைதான். ஆனால், எவ்வளவு சிவப்பு இழக்கப்பட்டதென்பதை இரண்டையும் ஒருங்கே நோக்கியவர் கண்டுகொண்டனர். கித்தானிலே மேற்பூச்சு இட்டிருப்பின் அவ்விழப்பும் மறைந்துபோயிருக்கும்.