யார் வீட்டுப் பிள்ளை?

மலேசியாவில் முஸ்லிம் அல்லாத ஒருவர் 18 வயதில் திருமணம் செய்துகொள்ளலாம். பெண்ணாக இருந்து மாநில முதலமைச்சரின் சிறப்பு அனுமதியும் கிடைத்தால் 16 வயதிலேயே முடியும். 21 நிரம்பாதவருக்குப் பெற்றோர் சம்மதம் வேண்டும். தத்தெடுக்க வேண்டுமென்றால் கதை வேறு. விண்ணப்பிப்பவருக்கு 25 வயதாவது ஆகியிருக்க வேண்டும், குழந்தையைவிட 21 வயதாவது மூத்தவராக இருக்க வேண்டும் என்பது 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டத்தின் பொதுவிதி. சொந்தக்காரர் என்றால் 21 வயது நிரம்பியிருந்தாலே போதும். குழந்தை மூன்று மாதமாவது தொடர்ந்து அவர் பராமரிப்பில் இருந்திருக்க வேண்டும். சமூக நல இலாகா அதிகாரி வீட்டுக்கு வருவார். சமையலறையைப் பார்ப்பார், சம்பளத்தைக் கேட்பார், நீதிமன்றத்துக்கு அறிக்கை எழுதுவார். இந்த 25-உம் 21-உம் நம்மூர்க் கணக்கல்ல. 1926-இல் இங்கிலாந்து இயற்றிய தத்தெடுப்புச் சட்டத்திலேயே இருந்தவை; வெள்ளைக்காரன் விட்டுப்போன பல பொருள்களோடு இதுவும் தங்கிவிட்டது.

பெற்றுக்கொள்கிறவரிடம் மட்டும் யாரும் எதையும் கேட்பதில்லை. 2023 ஜனவரியிலிருந்து பிரசவ விடுப்பு 98 நாள், அப்பாவுக்கு 7 நாள். அந்த ஏழு நாளில் அவர் அப்பாவாகிவிட வேண்டும் என்று அரசாங்கம் எதிர்பார்க்கிறது. நல்ல நம்பிக்கைதான்.

என் மகள் இந்தக் கணக்கையெல்லாம் எனக்கு முன்பே போட்டு வைத்திருக்கிறாள். கல்யாணமாகிச் சில வருஷம் ஆகிவிட்டது. பிரிக்பீல்ட்ஸில், கே.எல். சென்ட்ரலுக்கு நடக்கிற தூரத்தில், புருஷனும் அவளும் வாடகைக் கொண்டோவில் இருக்கிறார்கள். கிள்ளானிலிருந்து நாங்கள் கம்யூட்டர் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். ஒவ்வொரு முறையும் என் மனைவி கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுக் கேட்பாள். மகளும் ஒரே பதிலைச் சொல்வாள்: “இன்னும் ரெடி ஆகலம்மா.”

“நாங்க மட்டும் ரெடியாவா இருந்தோம்?” என்று திருப்பிக் கேட்பது என் வயதுக்காரர்களின் வழக்கம். கோவில் வாசலிலும் ஒட்டுக்கடை மேசையிலும் நான் கேட்கிற பேச்சு அது. அதை ஒரு வாதமாக என்னால் ஏற்க முடிவதில்லை. வீட்டில் பாட்டி இருந்தார், பக்கத்து வீட்டில் அத்தை இருந்தார். தோட்டப்புறத்தில் அம்மாக்கள் விடியுமுன் பால்மரம் வெட்டப் போனால் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆயாக் கொட்டகை இருந்தது. பத்துப் பேர் வளர்த்ததை நாமே வளர்த்ததாக நினைத்துக்கொண்டு, இரண்டே பேர் இருக்கிற கொண்டோவைப் பார்த்துச் சவால் விடுவது நியாயமில்லை. நாட்டில் ஒரு பெண் பெறும் பிள்ளைகளின் சராசரி இரண்டுக்குக் கீழே போய்விட்டது. அத்தனை இளம் தம்பதிகளையும் சோம்பேறி என்றும் சுயநலக்காரர் என்றும் சொல்லிவிட்டுப் போவது சுலபம்.

இருந்தாலும் அந்த ‘ரெடி’யில் எனக்கு ஓர் இடறல் இருக்கிறது. மகளிடம் உள்ள பட்டியலில் சேமிப்பு, சொந்த வீடு, தஸ்கா என்கிற குழந்தைக் காப்பகத்தின் கட்டணம், வேலை உயர்வு, மன ஆரோக்கியம் எல்லாம் வருகின்றன. எல்லாமே தன்னைத் தயார் செய்துகொள்வது பற்றியவை. இதைச் சொல்லும்போது எனக்கு நினைவுக்கு வருகிறவர், பழைய பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்த ஒரு பெரியம்மா. அவர் மகள் ஒரு சீனப் பிள்ளை.

வெளியூர்க்காரர்களுக்கு இது வியப்பாக இருக்கலாம். எங்களுக்கு அப்படியில்லை. கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மல்லிகைச் சரத்துக்கு அட்சரம் பிசகாத தமிழில் பேரம் பேசும், புடவையும் பொட்டுமாய் உள்ள ஒரு சீன முகத்துப் பாட்டியைப் பார்த்தால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஜப்பான்காரன் காலத்துக்கு முன்னும் பின்னும், அவசரகாலத்தின்போதும், வறுமையில் வாடிய சீனக் குடும்பங்கள் பெண் குழந்தைகளைக் கொடுத்தன. ஆண் வாரிசு வேண்டும் என்ற எண்ணம் ஒரு காரணம். ஜாதகம் இன்னொன்று. புலி வருஷத்தில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற நம்பிக்கை. 1938, 1950, 1962 எல்லாம் புலி வருஷங்கள். வாங்கிக்கொண்டவர்களில் தமிழர்கள் நிறைய. பெண் பிள்ளையை லட்சுமி என்று சொல்லும் வழக்கம் இங்கே உதவியது. அதோடு, ஒரு பிள்ளையை எடுத்து வளர்த்தால் தன் வயிறு திறக்கும் என்ற நம்பிக்கையும் இருந்தது. வெள்ளைத் தோல் மீதான நம் ஆசையும் இருந்தது என்பதை மறைப்பானேன்.

எடுத்து வளர்த்த வீடுகள் எல்லாம் நல்ல வீடுகள் என்று சொல்ல மாட்டேன். வயிறு திறந்து சொந்தப் பிள்ளை பிறந்ததும், எடுத்த பிள்ளை அந்தப் பிள்ளைக்கு ஆயாவான வீடுகளும் உண்டு. தம்பிமார்கள் பள்ளிக்குப் போக, ஆறாம் வகுப்போடு அடுப்படிக்கு வந்த பெண்களை எங்கள் வரிசையிலேயே பார்த்திருக்கிறோம். கல்யாணப் பேச்சில் “என்ன இருந்தாலும் எடுத்த பிள்ளைதானே” என்று குரலைத் தாழ்த்துவார்கள்.

பெரியம்மாவின் மகளை நாங்கள் அக்கா என்போம். 1950-இல் பிறந்த புலி. புடு பக்கத்தில் காய்கறி விற்ற ஓர் அம்மா, ஏற்கெனவே நான்கு பெண்களை வைத்துக்கொண்டு ஐந்தாவதைக் கொடுத்தாராம். பெரியம்மாவுக்கு அப்போது கல்யாணமாகிப் பத்து வருஷத்துக்கு மேல். இதையெல்லாம் எப்படி இவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேன் என்றால், அந்த வீட்டில் இது ரகசியமாகவே இல்லை. இருக்கவும் முடியாது. தமிழ்ப் பிள்ளையைத் தமிழ் வீட்டில் எடுத்து வளர்த்தால் மறைத்துவிடலாம். பலர் மறைத்தார்கள், கல்யாணத்துக்கு முதல் வாரம் ஏதோ ஒரு சித்தி வாய்தவறிச் சொல்லி வீடே கலங்கியிருக்கிறது. சீன முகத்தை எப்படி மறைப்பது? தெரு சொல்லும் முன்பு தாய் சொல்லியாக வேண்டும். பெரியம்மா சொன்னது இவ்வளவுதான் என்று அக்கா பின்னாளில் சொன்னார்: “பெத்தவங்க அவங்க. வளக்கறது நான். யாராச்சும் கேட்டா ரெண்டையும் சொல்லு.”

கேட்டார்கள். பள்ளியில் சேர்க்கும்போது, கிளினிக்கில், பஸ்ஸில், கந்தசுவாமி கோவிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும்போதும். பன்னிரண்டு வயதில் அடையாளக் கார்டு எடுக்கப் போன இடத்தில் முகப்பில் இருந்தவர் பெரியம்மாவையும் பிள்ளையையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “இனி அனாக் சியாப்பா?” என்றாராம். யார் பிள்ளை இது? “அனாக் சாயா லா,” என் பிள்ளைதான் என்று பெரியம்மா சொல்லிவிட்டு, பிஸ்கட் டின்னிலிருந்து காகிதங்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார். அந்தக் காலத்தில் பல பிள்ளைகள் வாய்ப்பேச்சில் கைமாறியவர்கள், காகிதமே கிடையாது. இரண்டு வருஷம் தொடர்ந்து வளர்த்திருந்தால் நீதிமன்றம் போகாமலே தத்தைப் பதிந்துகொள்ள 1952-இலேயே இன்னொரு சட்டம் வழிசெய்தது. எழுதப் படிக்கத் தெரியாத பெரியம்மா அதை எப்படியோ விசாரித்து முடித்து வைத்திருந்தார்.

அதைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது வேறொன்று. சீனப் பெருநாள் தோறும் அக்காவுக்குப் புதுச்சட்டை போட்டு, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, புடுவுக்குக் கூட்டிப்போவார். அக்கா அங்பாவ், அதாவது பெருநாள் பண உறை, வாங்கிக்கொண்டு வருவார். தீபாவளிக்கு அந்த வீட்டுக்கு முறுக்கு டின் போகும். குவார்ட்டர்ஸில் பேசாத பேச்சில்லை. “பிள்ளை அங்கேயே ஒட்டிக்கிட்டா என்ன செய்வே?” என்று முகத்துக்கு நேராகவே கேட்டவர்கள் உண்டு. அதற்குப் பெரியம்மா என்ன பதில் சொன்னார் என்று யாருக்கும் ஞாபகமில்லை. போவதை மட்டும் நிறுத்தவில்லை.

பிள்ளை இன்னொருத்தியிடம் ஒட்டிக்கொள்ளலாம் என்று தெரிந்தே கையைப் பிடித்துக் கூட்டிப்போக ஒரு மனம் வேண்டும். அனுபவத்தால் அது வந்திருக்க வழியில்லை. அவருக்கு அது முதல் பிள்ளை, ஒரே பிள்ளை. வயதாலும் வரவில்லை, அதே வயதில் வாசலுக்கு வாசல் பொறாமைப்பட்டவர்கள் இருந்தார்கள். என் ஊகம் இது: அவரிடம் எல்லோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். வாரத்துக்கு ஒருமுறையாவது யாரோ ஒருவர் யார் பிள்ளை என்று கேட்க, அவர் ஒவ்வொரு முறையும் யோசித்து, என் பிள்ளை என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அப்படி முடிவெடுத்து எடுத்தே அவருக்கு அது உறுதிப்பட்டது. உறுதிப்பட்டதால் பயம் போனது. பெற்றவர்களான எங்களை யாரும் கேட்கவில்லை. பிரசவ அறையோடு விஷயம் முடிந்தது என்று இருந்துவிட்டோம். எஸ்.பி.எம். தேர்வு முடிவு வருகிற வாரத்தில் நம் வீடுகளில் கேட்கும் “நான் பெத்த பிள்ளை, நான் சொல்றதைத்தான் படிக்கணும்” என்ற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று நினைக்கிறீர்கள்? கேள்வியே கேட்கப்படாதவர்களின் சத்தம் அது. மருத்துவம் படிக்கப் பிடிக்காமல் மூன்றாம் வருஷத்தில் திரும்பி வந்த பிள்ளைகளை எனக்குத் தெரியும்.

புடு அம்மாவையும் எளிதாகக் கடந்துபோக எனக்கு மனமில்லை. பிள்ளையை வேண்டாம் என்று எறிந்துவிட்டவர் என்று குவார்ட்டர்ஸில் சொன்னார்கள். எறிந்தவர் வருஷாவருஷம் அங்பாவ் எடுத்து வைத்துக் காத்திருப்பாரா? ஐந்தாவது பிள்ளைக்குத் தன்னால் சோறு போட முடியாது என்று கணக்குப் பார்த்து, போட முடிகிற வீட்டை விசாரித்துக் கொடுத்தார். தன்னால் முடியாது என்று நேரத்தோடு அறிந்துகொண்டதும் தாய்மைக் கணக்கில் சேரும் என்றே நினைக்கிறேன். 2010-இல் பெட்டாலிங் ஜெயாவில் ஆர்ஃபன்கேர் அமைப்பு நாட்டின் முதல் குழந்தைப் பெட்டகத்தைத் திறந்தபோது, இது தவறுக்குத் துணைபோவதாகும் என்று பலர் கொதித்தார்கள். குழந்தையை உள்ளே வைத்துக் கதவைச் சாத்தினால் உள்ளிருப்பவர்களுக்கு மணி அடிக்கும், விட்டுப்போகிறவரை யாரும் துரத்துவதில்லை. குப்பைத்தொட்டியில் கிடந்த சிசுக்கள் பற்றிய செய்திகளைப் படித்துச் சலித்த காலம் அது. கொதித்தவர்களுக்கு வேறு என்ன யோசனை இருந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பெரியம்மாவைக் கேட்டதைவிடக் கடுமையாக இன்றைய தத்துப் பெற்றோரைக் கேட்கிறது நாடு. தத்தெடுத்ததாலேயே பிள்ளைக்குக் குடியுரிமை வந்துவிடாது. பெற்றவர் யாரென்று தெரியாவிட்டால் பிறப்புப் பத்திரத்தில் குடிமகன் அல்ல என்று எழுதிவிடுவார்கள். பள்ளி, ஆஸ்பத்திரி, பன்னிரண்டு வயதுக் கார்டு, எல்லாமே அங்கிருந்து சிக்கல். புத்ராஜெயாவுக்கு நடையாய் நடந்து, பிள்ளை மேல்நிலைப் பள்ளியை முடித்த பிறகும் பதிலுக்குக் காத்திருக்கிற அம்மா அப்பாக்கள் இருக்கிறார்கள். கைவிடப்பட்டுக் கண்டெடுக்கப்பட்ட சிசு, மாறாக நிரூபிக்கப்படும்வரை, அந்த இடத்திலேயே நிரந்தரமாக வசிக்கும் தாய்க்குப் பிறந்ததாகக் கொள்ளப்படும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. அதை வைத்து 2021-இல் கூட்டரசு நீதிமன்றம் தத்துப்பிள்ளை ஒருவனைக் குடிமகன் என்று அறிவித்தது. அந்தப் பாதுகாப்பையே மாற்ற அரசாங்கம் யோசித்து, எதிர்ப்பு வலுத்ததும் 2024-இல் கைவிட்டது. குழந்தை அழுதால் பால் கலக்கத் தெரிவது ஒரு பயிற்சி. முகப்பு முகப்பாக நின்று, இந்தப் பிள்ளை என்னுடையது என்று பதினெட்டு வருஷம் சலிக்காமல் சொல்வது எந்தப் பயிற்சி வகுப்பிலும் வராது.

இதையெல்லாம் மகளிடம் ஒருநாள் சொன்னேன். பிள்ளை பெற்றுக்கொள் என்று சுற்றிவளைத்துச் சொல்வதாக அவள் நினைத்துவிடக் கூடாதே என்று, வேண்டாமென்றாலும் எனக்குச் சம்மதம்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். அது உண்மையும்கூட. அவள் கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். அக்கா இப்போது எங்கே இருக்கிறார் என்று விசாரித்தாள். கிள்ளானில், பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார் என்றேன். புடு அம்மா இறந்தபோது போனாரா என்று கேட்டாள். போனார், துணைக்குப் பெரியம்மாவும் போனார்.

“அப்ப நான் என்னைப் பத்தியே யோசிச்சிட்டிருக்கேன்னு சொல்றீங்க.”

“பாதி. மீதியை யாராவது உன்கிட்ட கேக்கணும்.”

கொஞ்ச நேரம் எதையோ யோசித்துக்கொண்டிருந்தவள், சட்டென்று என் பக்கம் திரும்பினாள். “சரிப்பா, நான் பொறக்கறதுக்கு முன்னாடி அந்த வெல்ஃபேர் ஆபீசர் உங்க வீட்டுக்கு வந்து ஒரு பாரம் குடுத்திருந்தா, நீங்க என்ன எழுதியிருப்பீங்க?”

நான் வாயைத் திறப்பதற்குள் அடுக்களையிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. “என்னத்த எழுதியிருப்பாரு? பாரத்தை என் கையில குடுத்துட்டு வேலைக்குப் போயிருப்பாரு.”