தோட்ட வேலிக்குள் எந்த அரசு?

புக்கிட் ரோத்தானைச் சுற்றிய தோட்டங்களில் குடியுரிமை பெற்று வாழ்ந்த பால்மரத் தொழிலாளி, பொதுத் தேர்தல் வந்தால் இரண்டு வாக்குச் சீட்டுகளைக் கையில் வாங்கினார். ஒன்று நாடாளுமன்றத்துக்கு, மற்றது சிலாங்கூர் சட்டமன்றத்துக்கு. லயத்துக்கு முன்னால் தேங்கும் சாக்கடையை யார் வெட்டுவது, குழாயில் எப்போது தண்ணீர் விடுவது, பிள்ளைகள் நடந்து போகும் செம்மண் பாதையில் விளக்குப் போடுவதா வேண்டாமா என்பதை அந்த இரண்டு வாக்கும் தீர்மானிக்கவில்லை. தோட்ட நிர்வாகம் தீர்மானித்தது. அந்த நிர்வாகத்தை அவர் தேர்ந்தெடுக்கவில்லை, மாற்றவும் முடியாது. மானேஜரைப் பிடிக்காவிட்டால் வேலையை விட வேண்டும். வேலையை விட்டால் வீட்டையும் காலி செய்ய வேண்டும்.

அதிகாரம் ஒரே கையில் குவியக் கூடாது, பிரித்து வைக்க வேண்டும் என்பது குடியாட்சியின் அடிப்படை அறங்களில் ஒன்று. அப்படிப் பிரித்து வைத்த அதிகாரங்களுக்கு நடுவே ஒரு மக்கள் கூட்டமே விடுபட்டுப் போனால், பொறுப்பு யாருடையது? "இது என் அதிகாரத்தில் இல்லை" என்ற பதில் சட்டப்படி சரியாக இருக்கலாம். அறத்தின்படியும் அது சரியா?

1787-இல் பிலடெல்பியாவில் கூடி அமெரிக்க அரசியலமைப்பை எழுதியவர்கள் ஓர் அரசனின் ஆட்சியை உதறிவிட்டு வந்தவர்கள். மத்தியில் கொஞ்சம், மாநிலங்களில் கொஞ்சம், சட்டம் இயற்றுபவரிடம் கொஞ்சம், நீதிமன்றத்தில் கொஞ்சம் என அதிகாரத்தைப் பங்கிட்டார்கள். ஒருவர் எல்லை மீறினால் மற்றவர் தடுப்பார், நடுவே தனிமனிதன் பிழைத்துக்கொள்வான் என்பது அவர்கள் கணக்கு. மலாயாவுக்கும் அந்தக் கவலை அந்நியமானதல்ல. 1895 ஒப்பந்தத்தால் சிலாங்கூர் உட்பட நான்கு மலாய் மாநிலங்கள் கூட்டு மாநிலங்களாயின. பெயரில்தான் கூட்டு இருந்தது, கடிவாளம் கோலாலம்பூரில் ஒரு பிரிட்டிஷ் அதிகாரியிடம் போய்ச் சேர்ந்தது. அதனால் ரீட் பிரபு தலைமையிலான ஆணையம் சுதந்திர மலாயாவுக்கு அரசியலமைப்பு வகுத்தபோது, ஒன்பதாம் அட்டவணையில் யாருக்கு எது என்று பட்டியல் இடப்பட்டது. கல்வி, தொழிலாளர், குடியுரிமை, சுகாதாரம் கூட்டரசுக்கு. நிலமும் ஊராட்சியும் மாநிலத்துக்கு.

தாளில் இது நல்ல பங்கீடு. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் அது எப்படி வேலை செய்தது என்று பார்க்கலாம். கல்வி கூட்டரசின் பொறுப்பு, எனவே ஆசிரியருக்குச் சம்பளம் வந்தது. நிலம் மாநிலத்தின் பட்டியலில் இருந்தாலும் பள்ளி நிற்கும் மண்ணின் பட்டா தோட்டக் கம்பெனியின் பெயரில் இருந்தது. தனியார் நிலத்தில் நிற்பதால் அது பகுதி உதவி பெறும் பள்ளி. கூரை ஒழுகினால் அரசு முழுதாகக் கட்டித் தராது. கம்பெனி தன் தொழில் கல்வியல்ல என்றது. மாநிலம் கல்வி தன் பட்டியலில் இல்லை என்றது. பெற்றோர் வெள்ளித் தாள்களைச் சேர்த்துத் தகரம் வாங்கினார்கள். இதில் கவனிக்க வேண்டியது, யாரும் பொய் சொல்லவில்லை என்பதுதான். மூன்று தரப்பும் உண்மையைத்தான் சொன்னார்கள். மூன்று உண்மைகளுக்கும் கீழே பிள்ளைகள் நனைந்தார்கள்.

மலாய்க் கிராமத்துக்குக் கிராம மேம்பாட்டுக் குழு இருந்தது, அதன் வழியாக அரசு ஒதுக்கீடு வந்தது. அவசரகாலத்தில் கம்பிவேலிக்குள் குடியமர்த்தப்பட்ட சீனர்களின் புதுக்கிராமங்களுக்கு 1952-ஆம் ஆண்டின் ஊராட்சி மன்றச் சட்டம் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்களைக் கொண்டுவந்தது. தோட்டம் இவை இரண்டிலும் சேரவில்லை. அது தனியார் சொத்து, அரசுப் பணம் உள்ளே போக முடியாது என்ற ஒரே காரணத்தால், நாட்டின் ஏற்றுமதியைத் தோளில் சுமந்தவர்கள் ஊரக மேம்பாட்டுத் திட்டங்களுக்கு வெளியே நின்றார்கள்.

இந்த அநீதியை முதலில் சொன்னவர்கள் சட்ட வல்லுநர்களோ அரசியல்வாதிகளோ அல்லர், தோட்டத் தொழிலாளர்களே. 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் மலாயா மத்திய இந்தியச் சங்கத்தைச் சேர்ந்த ஆர்.எச். நாதனின் ஆதரவோடு வேலைநிறுத்தம் வெடித்தது. அப்போதைய கோரிக்கைகளில் கூலி உயர்வு மட்டும் இல்லை. பேசவும் கூடவும் உரிமை வேண்டும். சங்கம் அமைக்கத் தடை கூடாது. உறவினரும் நண்பரும் தோட்டத்துக்குள் வந்துபோக அனுமதி வேண்டும். கள்ளுக்கடைகளை மூட வேண்டும். பெண்களிடம் தவறாக நடப்பது நிற்க வேண்டும். துரையோ கிராணியோ எதிரே வந்தால் சைக்கிளிலிருந்து இறங்கி நிற்கும் வழக்கம் ஒழிய வேண்டும். இவற்றை வரிசையாகப் படித்தால், தோட்டத்து மக்கள் தங்களுக்கென எழுதிக்கொண்ட உரிமைச் சாசனம் தெரியும். பதில் ராணுவமாக வந்தது. தொழிலாளர் சிலர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள், நாதன் நாடு கடத்தப்பட்டார். நம் பிள்ளைகளின் பாடநூலில் இந்தக் கோரிக்கைப் பட்டியல் முழுமையாக இடம்பெற வேண்டும்.

ஐந்தாண்டு கழித்து, கம்பெனியின் சொத்துக்குள் பேச்சுரிமை உண்டா என்ற ஏறக்குறைய இதே கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் முன் வந்தது. அலபாமா மாநிலத்தில் சிக்கசா என்ற ஊர் முழுக்கவும் ஒரு கப்பல் கட்டும் கம்பெனியின் சொத்து. தெருவும் கடையும் வீடும் கம்பெனியுடையவை. அங்கே சமயத் துண்டறிக்கை விநியோகித்த கிரேஸ் மார்ஷ் என்ற பெண்மணி அத்துமீறி நுழைந்தார் என்று தண்டிக்கப்பட்டார். 1946-இல் நீதிபதி ஹியூகோ பிளாக் எழுதிய தீர்ப்பு அந்தத் தண்டனையை ரத்து செய்தது. மனிதர்கள் குடியிருந்து, நடமாடி, கடைக்குப் போய்வரும் ஊராக ஒரு சொத்து மாறிவிட்டால், உரிமையாளரின் பட்டா அங்கு வாழ்வோரின் பேச்சுரிமையை அணைக்க முடியாது என்பது அதன் சாரம். பிற்காலத் தீர்ப்புகள் இந்தக் கொள்கையின் வீச்சைச் சுருக்கியது உண்மை. ஆனாலும் சிக்கசாவுக்குப் பொருந்தும் நியாயம் சிலாங்கூர் வடக்கில் உள்ள தோட்டத்துக்குப் பொருந்தாது என்று சொல்ல அறத்தில் இடமில்லை.

சொத்துரிமையின் பக்கமும் நியாயம் உண்டு. தோட்டம் என்பது முதல் போட்டு நடத்தப்படும் தொழில். வீடு, தண்ணீர், மருந்தகம், பிள்ளைக் காப்பகம் எல்லாம் கம்பெனியே தர வேண்டும் என்று சட்டமும் சொன்னது. 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புக் குறைந்தபட்சத் தரச் சட்டம் அந்தக் கடமையை விரிவாக எழுதியது. நல்ல மானேஜர்கள் இருந்த தோட்டங்களில் பக்கத்துக் கிராமத்தைவிட நல்ல மருந்தகமும் கோயிலும் இருந்ததைப் பெரியவர்கள் நன்றியோடு சொல்வார்கள். அந்த நன்றியை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் இரக்கம் வேறு, கணக்குக் கேட்கும் உரிமை வேறு. நல்ல துரை மாற்றலாகிப் போனால் அவரோடு நன்மையும் போய்விடும். வேலையோடு கட்டிய வீடு, வேலை ஓய்ந்த அன்று வீடாக இல்லாமல் போகும்.

பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் மேரி, நைஜல் கார்ட்னர், சுங்கை திங்கி, புக்கிட் தாகார், மின்னியாக் என ஐந்து தோட்டங்களைச் சேர்ந்த முன்னாள் தொழிலாளர் குடும்பங்கள் சொந்த வீட்டுக்காக இருபது ஆண்டுகளுக்கும் மேலாகக் காத்திருந்தன. 2023-இல்தான் கூட்டரசும் மாநிலமும் நில உரிமையாளரும் ஒரே மேசையில் அமர்ந்து 245 குடும்பங்களுக்கான திட்டத்தை ஒப்புக்கொண்டார்கள். மூவரும் சேர்ந்தால் முடியும் என்பது அன்று தெரிந்தது. அப்படியானால் அதற்கு முன் கழிந்த ஆண்டுகளுக்கு அதிகாரப் பங்கீட்டைக் காரணம் காட்ட முடியாது. 2007 ஏப்ரலில் ஈஜோக் சட்டமன்றத் தொகுதியில் இடைத்தேர்தல் வந்தபோது, அதுவரை யாரும் திரும்பிப் பார்க்காத பாதைகளுக்குச் சில வாரங்களில் தார் வந்ததையும் இந்த வட்டாரம் பார்த்தது. வாக்கு தேவைப்பட்டபோது தார் இருந்தது, இயந்திரம் இருந்தது, பட்ஜெட்டும் இருந்தது.

இப்போது பல தோட்டங்களில் செம்பனை நிற்கிறது. தமிழ்க் குடும்பங்களில் பெரும்பாலானவை லயத்தை விட்டு வெளியேறித் தாமான்களில் தரைவீடுகளில் இருக்கின்றன. வேலிக்கு வெளியே வந்தாயிற்று என்று நிம்மதி கொள்ள முடியுமா? தாமானில் குப்பை எடுப்பதும், வடிகால் பார்ப்பதும், கோயில் நிற்கும் இடம் சட்டப்படியானதா என்று முடிவு சொல்வதும், கடைக்கு லைசென்ஸ் கொடுப்பதும் குவாலா சிலாங்கூர் நகராண்மைக் கழகம். அதற்கு மதிப்பீட்டு வரி கட்டுகிறோம். அதன் உறுப்பினர்களை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. 1976-ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி மாநில அரசு அவர்களை நியமிக்கிறது. பிரதிநிதித்துவம் இல்லாமல் வரி இல்லை என்று முழங்கித்தான் அமெரிக்கக் குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்தன. தேர்ந்தெடுக்காத நிர்வாகத்தின் கீழிருந்து வெளியேறிய தோட்டத்து மகன், தேர்ந்தெடுக்காத மன்றத்தின் கீழ்தான் வந்து சேர்ந்திருக்கிறான்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1951-இல் ஜார்ஜ் டவுனிலும் 1952-இல் கோலாலம்பூரிலும் நகராட்சித் தேர்தல் நடந்தது. இந்த நாட்டில் குடியாட்சி அடியிலிருந்துதான் தொடங்கியது. 1965 மார்ச்சில், இந்தோனேசியாவுடனான மோதலைக் காரணம் காட்டி, ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தி வைக்கப்பட்டன. அந்த ஆண்டே செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. 1968-இல் அது கொடுத்த அறிக்கை, ஊராட்சி மன்றங்கள் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட வேண்டும் என்றது. நம்மவர் ஒருவரின் தலைமையில் உருவான இந்தப் பரிந்துரையை அரசு ஏற்கவில்லை. 2012-இல் பினாங்கு மாநிலம் தானே சட்டம் இயற்றித் தேர்தலை மீட்க முயன்றது. ஊராட்சி மாநிலப் பட்டியலில் இருந்தும், கூட்டரசுச் சட்டமே மேலோங்கும் என்று 2014-இல் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தோட்டத்துக்கு நல்லது செய்ய வேண்டியிருக்கும்போது பட்டியல் குறுக்கே நிற்கிறது. மக்களுக்கு வாக்கு கொடுக்க வரும்போது அதே பட்டியல் வழிவிட்டு ஒதுங்குகிறது.

எதிர்வாதங்களில் ஒன்றைக் கட்டாயம் மதிக்க வேண்டும். நியமன முறையில் கட்சி ஒதுக்கீட்டால் மன்றத்தில் ஓரிரு தமிழர் இடம்பெறுகிறார்கள், சிலாங்கூர் அரசு இந்திய சமூகத் தலைவர்களையும் நியமிக்கிறது. தேர்தல் வந்தால் எங்கும் சிறுபான்மையாக இருக்கும் நாம் அதையும் இழப்போம் என்பது அந்த வாதம். இது கற்பனைப் பயம் அல்ல. அமெரிக்கத் தென்மாநிலங்களில் 1965-இன் வாக்குரிமைச் சட்டத்துக்குப் பிறகு பல ஊர்கள் முழு ஊரையும் ஒரே தொகுதியாக்கி, கறுப்பின மக்களின் வாக்கைப் பெரும்பான்மையில் கரைத்தன. தமிழ்நாட்டில் தேர்தலும் தலித்துகளுக்கான இட ஒதுக்கீடும் சேர்ந்து வந்தும், 1997-இல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் கொல்லப்பட்டார். பாப்பாப்பட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் பத்தாண்டுகள் தேர்தலே நடத்த முடியவில்லை. இலங்கை மலையகத்தில் வாக்கு இருந்தது, ஆனால் 1987-ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டம் சபையின் பணத்தைத் தோட்டத்துக்குள் செலவிட விடவில்லை. 2018-இல்தான் அது திருத்தப்பட்டது. வாக்கு மட்டும் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்பவர் இந்த ஊர்களைப் பார்க்கவில்லை.

இருந்தும் நியமனத்தின் பக்கம் சாய முடியாது. நியமிக்கப்பட்டவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், இருக்கை தந்தவருக்கே அவர் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. வடிகால் அடைபட்டுத் தவிப்பவரிடம் அல்ல, கட்சி அலுவலகத்தில் அவர் கணக்கு ஒப்பிக்கிறார். ஆட்சி மாறினால் ஒரே நாளில் பெயர்ப் பட்டியல் மாறுகிறது. அமெரிக்காவில் கரைந்த வாக்கை மீட்டது சிறு வட்டாரங்களாகப் பிரித்த தொகுதிமுறை. தோட்டங்களும் தாமான்களும் நெருங்கி நிற்கும் சிலாங்கூர் வடக்குக்கு அது பொருந்தும். முதல் சில தேர்தல்களுக்குச் சிறுபான்மையினருக்கென இடம் ஒதுக்குவதையும் சட்டத்தில் எழுதலாம். தோட்ட நிலம் முழுவதும் மன்றத்தின் எல்லைக்குள் வர வேண்டும், பட்டா யார் பெயரில் இருந்தாலும் குடியிருப்புக்கு மன்றம் செலவு செய்ய வேண்டும்.

லயங்களில் இன்று வங்காளதேசத்தவரும் இந்தோனேசியரும் நேப்பாளியரும் இருக்கிறார்கள். நம் பாட்டனார் இருந்த அதே இடத்தில், வாக்கின்றி, வேலையோடு கட்டிய கூரையின் கீழ். வாக்கில்லாத காரணத்தால் அவர்களுக்குத் தண்ணீரும் விளக்கும் மறுக்கப்படக் கூடாது என்பதும் அந்த மன்றத்தின் விதிகளில் இருக்க வேண்டும். நமக்கு நடந்ததை அநீதி என்று சொல்லிவிட்டு, அவர்களுக்கு நடப்பதைக் கண்டும் காணாமல் போவது நமக்குத் தகாது.

ஊராட்சித் தேர்தலுக்குக் குறுக்கே நிற்பது 1976-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. நாடாளுமன்றம் நினைத்தால் அதைத் திருத்தலாம். அடுத்த பொதுத் தேர்தலில் வேட்பாளர் உங்கள் தாமானுக்கு வரும்போது, எந்தக் கட்சியாக இருந்தாலும், அந்தப் பிரிவை நீக்க வாக்களிப்பீர்களா என்று கேளுங்கள். பதிலைப் பலர் முன்னிலையில் சொல்லச் சொல்லுங்கள்.