தவளையின் கணக்கு

என் வலக்கை மோதிர விரலைக் கிள்ளினால் சின்ன விரலில் வலிக்கும். வேளாண்மை வெட்டில் தாக்கத்தி மணிக்கட்டில் பாய்ந்து, அறுந்த நரம்பைத் தைத்த பிறகு வந்த குணம் இது. தைத்தவரில் பிழை இல்லை. வைத்தியர் தைப்பது நரம்பின் உறையைத்தான். உள்ளே கிடக்கும் ஆயிரக்கணக்கான இழைகளை எவராலும் சோடி பார்த்துப் பொருத்த முடியாது. வெட்டுக்குக் கீழே உள்ள இழை செத்துவிடும். 1850இல் அகஸ்டஸ் வாலர் என்ற ஆய்வாளர் தவளையின் நாக்குக்குப் போகும் நரம்புகளை அறுத்துக் கண்டது அதைத்தான். மேல்முனை பல கிளையாகத் துளிர்த்து, பழைய இழை விட்டுப்போன குழாய்களுக்குள் நுழைந்து, நாளுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீற்றர் இறங்கும். எந்தக் குழாய் அகப்படுகிறதோ அந்த விரல்தான் அதற்கு. மூளையோ பழைய விலாசத்தையே சொல்லிக்கொண்டிருக்கும்.

சொறிக்கல்முனைத் திருச்சிலுவைக் கோயிலில் நான் மன்றாடியதெல்லாம், முந்தி இருந்த மாதிரியே ஆக்கித் தாரும் என்றுதான். எங்கள் வயலுக்கு அடுத்த காணிக்காரர் சம்மாந்துறைக் காக்கா. “கவலப்படாதீங்க தம்பி, மறுமையில விரல் நுனியக்கூட அல்லாஹ் சீராக்குவான். குர்ஆன்ல கியாமா சூறாவில இருக்கு” என்றார்.

“எங்கட ஆண்டவர் உயிர்த்து வந்தது ஆணித் தழும்போடதானே காக்கா? தோமாவுக்கு அதைத்தானே காட்டினார்?”

“அது உங்கட பக்கம்” என்று சிரித்தார்.

வாய்க்கு வந்ததைத்தான் சொன்னேன். ஆனால் 1940களில் அமெரிக்கரான ரொஜர் ஸ்பெரி செய்ததைப் படித்தபோது அந்தப் பேச்சு கனத்தது. தவளையின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணைத் தலைகீழாகத் திருப்பி வைத்தார். நரம்பு முளைத்து மூளையில் தன் பழைய இடத்துக்கே, பிசகாமல் போய்ச் சேர்ந்தது. விளைவு? ஈ மேலே பறக்க, தவளை கீழே பாய்ந்தது. கடைசிவரை அது திருந்தவில்லை. நான் கேட்ட வரம் அதற்குக் கிடைத்தது, இரைதான் கிடைக்கவில்லை. என் இழைகள் வீடு மாறிப் போயின, இருந்தும் இந்தக் கையால் சட்டைப் பொத்தான் பூட்டுகிறேன், வரம்பு கட்டுகிறேன். பழையபடி ஆவதுதான் சுகம் என்று இப்போது என்னால் மன்றாட முடியவில்லை.

ஆனால் இதை எனக்குச் சொல்லித்தந்தது அந்தத் தவளை. லண்டன் வைத்தியர் ஹென்றி ஹெட் 1903இல் தன் கை நரம்பையே அறுப்பித்து, உணர்ச்சி திரும்புவதைச் சோதித்தார். அவர் சம்மதித்துக் கையை நீட்டினார். தவளையிடம் யார் கேட்டார்கள்? மிருகத்தின் ஆன்மா உடலோடு முடிந்துவிடும் என்பது அக்குவினா தோமையார் வழிவந்த எங்கள் படிப்பு. காக்காவின் மார்க்கத்திலோ பிராணிகளும் மறுமை நாளில் எழுப்பப்படும். முட்டிய கொம்பாட்டிடம் கொம்பில்லா ஆட்டுக்குக் கணக்குத் தீர்த்துக் கொடுக்கப்படும். இந்த ஒன்றில் அவர் பக்கம்தான் எனக்கு நியாயமாகப் படுகிறது. அப்படியானால் வாலரையும் ஸ்பெரியையும் கூப்பிடும் நாளில், தைத்த கையோடு நானும் போய் நிற்க வேண்டிவரும்.