ஊறுற்ற உடலும் ஊறுறா அறிவும்

உறுப்புப் பழுதுற்றாரைக் காணுங்கால் நம் உள்ளத்தே இரக்கம் எழுகின்றது. அஃது நன்றே. ஆயினும், அவ்விரக்கம் பழுதினை மட்டுமே கண்டு, பழுதுற்றாரைக் காணாது ஒழியுமாயின் அறம் எனப்படுமோ? ஈண்டு இதனை ஓர் இளைஞன் வரலாறு கொண்டு ஆராய்வாம்.

பிரான்சு நாட்டிலே, பாரிசு நகர்க்குக் கிழக்கேயுள்ள கூப்வ்ரே என்னுஞ் சிற்றூரில், 1809-ஆம் ஆண்டு லூயி பிரெயில் பிறந்தான். தந்தையார் குதிரைச்சேணம் தைப்பவர். மூன்று வயதில், அவர்தம் பட்டறையிலே தோல் துளைக்குங் குத்தூசியை எடுத்து விளையாடியபோது, அது அவன் கண்ணொன்றிற் பாய்ந்தது. அப்புண்ணின் நோய் மற்றைக் கண்ணையும் பற்ற, ஐந்து வயதளவில் இரு கண்களும் ஒளியிழந்தன. 1819-இல் அவன் பாரிசிலுள்ள பார்வையற்ற இளைஞர்க்குரிய பள்ளியிற் சேர்ந்தான்.

அப்பள்ளி நூல்கள், கண்ணுள்ளார் படிக்கும் எழுத்துக்களையே தாளிற் புடைக்கச் செய்தவை. அவற்றை விரலால் தடவியறிதல் மிக மெல்லச் செல்வது. மாணவர் தாமே எழுதுதலோ அரிது. பின்னர், பார்பியே என்னும் முன்னாட் படை அதிகாரி 12 புள்ளிகளால் அமைத்த குறிமுறை ஆங்கு அறிமுகமாயிற்று. விரல்நுனியில் அடங்காத அதனைப் பிரெயில் ஆறு புள்ளிகளாகச் சுருக்கிப் புதியதோர் எழுத்துமுறை வகுத்தான். அஃது 1824-ஆம் ஆண்டு. அவனுக்கு வயது பதினைந்து.

இதனை உடனே உலகம் ஏற்றதோ? இல்லை. கண்ணுள்ள ஆசிரியர் சிலர், தாம் படித்தறியாத எழுத்து வேண்டாவென்று தடுத்தனர். 1852-இல் பிரெயில் மறைந்தார். அப்பள்ளி அம்முறையை முறைப்படி ஏற்றதோ 1854-இல்.

அவ்வாசிரியர் கொடியவரல்லர்; மாணவர்க்கு நலஞ்செய்ய வந்தவரே. எனின், பிழை யாண்டையது? தம் கண்ணை அளவுகோலாகக் கொண்டு பிறர் விரலுக்கு வேண்டுவதை அளந்தமையே பிழை என்க. கண் காணுங் கருவி, காண்பது அறிவு. கருவி பழுதுற்றமையால் அதனைக் கொண்டு தொழில்செய்யும் அறிவும் பழுதுற்றதென்னல் பொருந்தாது. அவ்வறிவு வேறொரு வாயில் தேடும். அவ்வாயில் யாதென அதனையுடையாரே நன்கறிவர்.

“அவரவர் துன்பம் அவரவர் வினைப்பயன், நாம் செய்வது யாது?” என்று ஒதுங்குவாரும் உளர். பிறர் வினையை அளத்தல் நம்மால் இயலாது. நம் செயலோ நம் கையது. ஆதலின் அக்கூற்று நம் கடமையினின்றும் நம்மை விடுவியாது.

1951-இல் இந்திய மொழிகட்குப் பொதுவாகப் பாரதி பிரெயில் முறை வகுக்கப்பெற்றது. இன்று தமிழ் நெடுங்கணக்கும் அவ்வாறு புள்ளிகளில் விரற்கு எட்டுகின்றது. அதனைப் பயில்வோர் நினைவுகூர்வது கண்ணிழந்த சிறுவனையன்று; எழுத்தளித்த ஆசானையே. நம்மிடையே ஊறுற்று வாழும் இளைஞரையும் நாம் அங்ஙனமே நோக்குதல் வேண்டும். அவர்க்கு யாது வேண்டுமென்று நாமே துணியுமுன், அவரை வினவுதல் அறத்தின் முதற்படியாம்.